வாசகர் கேட்டவை: கரையில் கால் வைக்காமல் கரையை அளந்தது எப்படி?

சென்ற இதழில், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி மாத்யூ ஃபிளிண்டர்ஸ் ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலில் ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்து (1801–1803) வரைபடம் போட்டதைப் பற்றியும், 1814-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய பயண நூலைப் பற்றியும் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): நிலத்தை அளக்கிறவர்கள் சங்கிலி போட்டு அளக்கிறார்கள். கடலில் ஆடிக்கொண்டு போகிற கப்பலிலிருந்து, இறங்காமலே ஒரு கரையை எப்படி வரைய முடியும்?

பதில்: சங்கிலிக்குப் பதில் கப்பல் ஓடிய தூரம்தான் அடிக்கோடு. காலையில் ஓர் இடத்தில் கப்பல் நிற்கிறது என்று வையுங்கள். தெளிவாகத் தெரிகிற ஒரு முனையையோ மலை உச்சியையோ பார்த்துத் திசைகாட்டியில் அதன் திசையைக் குறிக்கிறார்கள். பிறகு செக்ஸ்டன்ட் கருவியைப் படுக்கவைத்துப் பிடித்து, அந்த உச்சிக்கும் மற்ற ஒவ்வொரு முனைக்கும், தீவின் இரண்டு ஓரங்களுக்கும், ஆற்றுவாய் போலத் தெரிகிற பள்ளத்துக்கும் இடையிலுள்ள கோணத்தை எடுக்கிறார்கள். திசைகாட்டியைவிடச் செக்ஸ்டன்ட் பல மடங்கு நுட்பமானது. அதனால் திசை ஒன்றுக்கு மட்டும், மீதி எல்லாம் கோணம். பிறகு கப்பல் இரண்டு மூன்று மைல் ஓடும். அங்கே மறுபடி அதே முனைகள், அதே கோணங்கள். இரண்டு இடத்திலிருந்தும் இழுத்த கோடுகள் வெட்டிக்கொள்கிற புள்ளிதான் முனை இருக்கும் இடம்.

வெட்டுகிற கோணம் செங்கோணத்துக்கு அருகில் இருந்தால் நல்லது. 30 பாகைக்குக் குறைந்தால், கோணத்தில் வந்த சிறு பிழைகூடப் புள்ளியை வெகுதூரம் இழுத்துவிடும். ஆகவே மூன்றாவது இடத்திலிருந்தும் பார்ப்பார்கள். மூன்று கோடும் ஒரே புள்ளியில் கூடினால் சரி. சிறு முக்கோணமாக நின்றால் எங்கோ பிழை. கருவியே வேண்டாத இன்னொரு வழியும் உண்டு. ஒரு முனையும் அதற்குப் பின்னால் உள்ள மலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கிற நொடியைக் குறித்துக்கொள்வது. அந்தக் கோடு வரைபடத்தில் அப்பட்டமாகச் சரியாக இருக்கும்.

கப்பல் ஓடிய தூரத்தை அறிவது எப்படி? முக்கோணப் பலகை ஒன்றின் அடி ஓரத்தில் ஈயம் பதித்துக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். பலகை தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும், கயிறு உருளையிலிருந்து ஓடும். 28 நொடி மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணினால் அதுவே மணிக்கு எத்தனை கடல்மைல் என்ற கணக்கு. கணக்குச் சரியாக வர முடிச்சுகளுக்கிடையே சுமார் 47 அடி இருக்க வேண்டும். கயிறு நனைந்து நீண்டாலும், ஈரத்தில் மணல் கட்டிக்கொண்டாலும் கணக்குக் கெடும். இவற்றைவிடப் பெரிய வில்லங்கம், இந்தப் பலகை அளப்பது தண்ணீரைச் சார்ந்த வேகத்தையே என்பது. தண்ணீரே மணிக்கு ஒரு மைல் நகர்ந்துகொண்டிருந்தால், மூன்று மணி நேரத்தில் மூன்று மைல் சத்தமில்லாமல் கணக்கில் ஏறிவிடும்.

அதைப் பிடிக்கத்தான் நண்பகல் சூரியன். உச்சியில் சூரியனின் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைக்கும். காலையிலிருந்து போட்ட கணக்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை இடைப்பட்ட எல்லாப் புள்ளிகளுக்கும் பிரித்துப் போட்டுவிடலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் தென்கரை பெரும்பாலும் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அங்கே தூரக் கணக்கின் பிழை முழுவதும் தீர்க்கரேகையில் போய் விழும். அதை நண்பகல் சூரியன் திருத்தாது. கடிகாரம்தான் திருத்த வேண்டும். (அதைப் பற்றி மதுரை வாசகர் கேட்டிருக்கிறார்.)

ஃபிளிண்டர்ஸின் சொந்த ஒழுங்கு இன்னொன்று: கரையில் அலை உடைவது கண்ணுக்குத் தெரிகிற அளவு நெருக்கமாகப் போவது. அப்படிப் போனால்தான் ஆற்றுவாய் எதுவும் தப்பாது. பொழுது சாய்ந்ததும் கடலுக்குள் விலகிப் போய், மறுநாள் விடியலில் முந்தைய மாலை விட்ட அதே முனைக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து தொடர்வார். பார்வை எடுப்பதை முடிந்தவரை பாய்மர உச்சியிலிருந்து அவரே செய்தார். 100 அடி உயரத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 11 கடல்மைல் தள்ளி இருக்கும். மேல்தளத்தில் நிற்பவனுக்கு அது ஐந்துக்குள்தான். அன்றன்றைய கோணங்களை அன்றிரவே தாளில் ஏற்றிவிடுவார். அதனால் ஒரு தீவு பொருந்தாமல் போனால் மறுநாள் காலையிலேயே திரும்பப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இந்த ஒரு பழக்கத்துக்காகவே அவரை மெச்சலாம். பார்வைகளை மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டுபோய் வரைந்தவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

கேள்வி (வாசகர், தூத்துக்குடி): ஆழம் பார்த்தது எப்படி?

பதில்: ஈயக்குண்டும் கயிறும்தான். கரையோரத்துக்குக் கையால் வீசுகிற 7 முதல் 14 பவுண்டு குண்டு, ஆழ்கடலுக்கு 28 பவுண்டும் அதற்கு மேலும். குண்டின் அடியில் ஒரு குழி. அதில் விலங்குக் கொழுப்பை அப்பி இறக்கினால் மணலா, சேறா, சிப்பியா என்று ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டாமல் கொழுப்பில் பள்ளம் மட்டும் விழுந்திருந்தால் பாறை. நங்கூரம் பிடிக்குமா என்பதை இதை வைத்தே முடிவு செய்வார்கள். கயிற்றில் பாகக் கணக்குக்கு (ஒரு பாகம் ஆறு அடி) அடையாளம் உண்டு: 2 பாகத்தில் இரட்டைத் தோல், 3-இல் மூன்று கீற்றுத் தோல், 5-இல் வெள்ளைத் துணி, 7-இல் சிவப்புத் துணி, 10-இல் ஓட்டை போட்ட தோல். பொருள் வேறாக இருப்பதால் இருட்டில் கையாலும், குளிர்ந்த விரலென்றால் உதட்டாலும் தடவி அறியலாம்.

இதில் வாசகர் மறக்கக்கூடாத ஒன்று. அந்தக் கால வரைபடத்தில் எண்கள் கப்பல் போன தடத்தில் மட்டும்தான் இருக்கும். தடத்துக்கு வெளியே எண் இல்லை என்றால் அங்கே ஆழம் என்று பொருளல்ல, யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பவளப் பார் உள்ள கடலில் இந்தப் பாடம் கசப்பானது. பார் செங்குத்தாக எழும்பி நிற்கும். ஒரு வீச்சில் 20 பாகம், அடுத்த வீச்சுக்குள் கப்பல் தட்டிவிடும். அங்கே குண்டைவிடப் பாய்மர உச்சியில் இருக்கிற கண்தான் துணை, அதுவும் வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டும். கிழக்குக் கரைப் பார்களுக்குள் நுழைகிறவருக்கு ஃபிளிண்டர்ஸ் சொல்லும் அறிவுரை வெடுக்கென்று இருக்கும்: உச்சியில் இருந்துகொண்டு ஊசியில் நூல் கோர்ப்பதுபோலக் கப்பலை நடத்தத் துணிவில்லாதவர் அந்தப் பக்கமே வரவேண்டாம்.

கேள்வி (வாசகர், சேலம்): இன்றைய கப்பல்களின் திசைகாட்டித் தூணில் ‘ஃபிளிண்டர்ஸ் கம்பி’ என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். அவர் கண்டுபிடித்ததா?

பதில்: கம்பியை அவர் பொருத்தவில்லை. அதற்கு வேண்டிய காரணத்தைக் கண்டவர் அவர்.

பார்வை எடுக்கும்போது அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஒரே முனையை, கப்பலின் அணியம் (முன்பக்கம்) கிழக்கு நோக்கி இருக்கும்போது பார்த்தால் ஒரு திசை. மேற்கு நோக்கித் திரும்பியதும் பார்த்தால் வேறு திசை. வித்தியாசம் சில பாகைகள். வடக்கு தெற்காக நின்றால் அது மறைந்துவிடும். திசைகாட்டியைத் தளத்தில் இடம் மாற்றினாலும் எண் மாறியது. ஆக, பிழை ஊசியில் இல்லை, கப்பலில்.

பீரங்கி, ஆணி, நங்கூரம் என்று கப்பலில் இரும்பு நிறைய. செங்குத்தாக நிற்கிற இரும்பு, பூமியின் காந்தத்தால் தானும் காந்தமாகிறது. வடகோளத்தில் அதன் மேல்முனை ஊசியின் வட நுனியை இழுக்கும். தென்கோளத்தில் தென் நுனியை இழுக்கும். இரும்பில் பெரும்பகுதி திசைகாட்டிக்கு முன்னால் இருப்பதால் இழுப்பு அணியத்தை நோக்கி. கப்பல் வடக்கே பார்த்தால் இழுப்பும் ஊசியும் ஒரே கோட்டில் இருக்கின்றன, பிழை இல்லை. கிழக்கோ மேற்கோ பார்த்தால் இழுப்பு குறுக்கே விழுகிறது, பிழை உச்சத்துக்குப் போகிறது. பூமியின் காந்தச் சாய்வு (ஊசி கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்) கூடக் கூட இந்தப் பிழையும் கூடுகிறது, காந்த நடுக்கோட்டைத் தாண்டியதும் தலைகீழாகிறது என்று பார்த்து, அவர் அதற்கு ஒரு விதி எழுதினார். 1805-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளிவந்தது.

4 பாகைப் பிழை சின்னதாகத் தோன்றலாம். 10 கடல்மைல் தள்ளியிருக்கிற முனையை அது சுமார் 1,300 மீட்டர் நகர்த்திவிடும். கிழக்கு நோக்கி ஓடியபோது எடுத்த பார்வையும் மேற்கு நோக்கி ஓடியபோது எடுத்ததும் ஒரே தாளில் கலந்தால் கரை இரண்டாகத் தெரியும். அவர் செய்த தீர்வு மிகச் சாதாரணமானது: திசைகாட்டியை ஒரே இடத்தில் நிலையாக வைத்தார், ஒவ்வொரு பார்வையோடும் அணியம் எந்தத் திசையில் இருந்தது என்றும் எழுதினார். அந்த ஒரு குறிப்பு இருந்ததால் விதி கிடைத்த பிறகு பழைய பார்வைகளையும் திருத்த முடிந்தது.

திசைகாட்டிக்கு முன்னால் நெட்டுக்குத்தாக ஓர் இரும்புத் தண்டை வைத்து எதிர் இழுப்பு உண்டாக்குவது பின்னாளில் வந்த ஏற்பாடு. அதற்கு அவர் பெயர் நிலைத்தது.

கேள்வி (வாசகர், மதுரை): ஒரு கப்பலுக்கு எதற்கு நான்கு கடிகாரம்?

பதில்: ஒன்று பொய் சொன்னால் எது என்று தெரிய வேண்டுமே. இரண்டு இருந்து வேறுபட்டால் எதை நம்புவது? மூன்றாவதும் நான்காவதும்தான் சாட்சி. ‘இன்வெஸ்டிகேட்டரில்’ இரண்டு எர்ன்ஷா செய்தவை, இரண்டு ஆர்னால்டு செய்தவை. கடைசிவரை வேலைக்கு உதவியவை எர்ன்ஷாவின் கடிகாரங்கள்தான்.

கடிகாரம் காட்டுவது இங்கிலாந்தின் கிரீனிச் நேரம். சூரியனைப் பார்த்து அறியும் உள்ளூர் நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் தீர்க்கரேகை. பூமி 4 நொடியில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு சுழலும். நடுக்கோட்டில் அது ஒரு கடல்மைல். கடிகாரம் நாளுக்கு ஒரு நொடி கூடுதலாக ஓடுவது தெரியாமல் ஒரு மாதம் போனால் 30 நொடி, அதாவது ஏழரை மைல். கூடுதலாக ஓடுவது குற்றமில்லை. எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்தால் போதும். அதற்காகத்தான் ஒவ்வொரு நல்ல துறைமுகத்திலும் கரையில் கூடாரம் போட்டு, காலையில் சூரியன் ஓர் உயரத்தில் இருந்த நேரத்தையும் மாலையில் அதே உயரத்துக்கு இறங்கிய நேரத்தையும் நாள்தோறும் எடுத்து, கடிகாரத்தின் போக்கைக் கணித்தார்கள். வெப்பம் மாறினால் போக்கும் மாறும். சாவி கொடுக்க ஒருநாள் மறந்தால் பழைய கணக்கு முழுவதும் அறுந்துவிடும். அந்தப் பயணத்தில் அப்படியும் நடந்தது.

கடிகாரத்துக்கு மேல் ஒரு நீதிபதி உண்டு, நிலா. நிலாவுக்கும் சூரியனுக்குமோ ஒரு விண்மீனுக்குமோ இடைப்பட்ட கோணத்தை அளந்து கிரீனிச் நேரத்தைக் கண்டுபிடிக்கும் முறை அது. நின்றுபோகாத கடிகாரம், ஆனால் நுட்பம் போதாது. கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு தவறினால் நேரத்தில் 2 நிமிடம், தீர்க்கரேகையில் அரைப்பாகை தவறிவிடும். அதனால் ஒன்றிரண்டு போதாது, நிறைய எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். வானியல் பஞ்சாங்கத்தில் நிலாவின் இடமே கொஞ்சம் பிசகாக அச்சாகியிருந்தது. இங்கிலாந்து திரும்பிய பின், கிரீனிச்சில் நிஜமாகப் பார்த்துக் குறித்திருந்த நிலா இடங்களை வைத்து மறுபடி கணக்குப் போட வேண்டியதாயிற்று. நூல் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி (வாசகர், கடலூர்): கப்பல் அழுகிப்போனது தெரிந்த பிறகும் பயணத்தைத் தொடர்ந்தது மடத்தனம் இல்லையா?

பதில்: அப்படித் தோன்றும். நடந்ததைப் பாருங்கள். ‘இன்வெஸ்டிகேட்டர்’ நிலக்கரி ஏற்றிய பழைய கப்பல், 334 டன். 1802 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள கார்ப்பென்டேரியா வளைகுடாவில் நீர்க்கசிவு மிஞ்சியது. வெல்லெஸ்லி தீவுகளின் அருகே நங்கூரமிட்டு ஓரப் பலகைகளைச் சோதித்தபோது, உள்ளே இருந்த விலா மரங்களில் பாதிக்கும் மேல் உளுத்திருந்தன. தச்சர் தலைவரும் மாலுமித் தலைவரும் எழுதிக்கொடுத்த அறிக்கையின் சாரம்: கடும் புயலில் சிக்கினால் மூழ்குவது ஏறத்தாழ உறுதி; கரையில் சாய்த்துப் பழுது பார்க்கவும் முடியாது, சாய்த்தால் நொறுங்கிவிடும்; அமைதியான கடலில் இன்னும் ஆறு மாதம் ஓடலாம்; ஒரு வருடத்தில் நல்ல மரம் ஒன்றுகூட மிஞ்சாது.

உடனே திரும்பினால் எந்த வழி? வடமேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம். மேற்கு வழி எதிர்க்காற்று, கிழக்கு வழி பார்கள். வளைகுடாவுக்குள் இருப்பதுதான் அப்போதைக்குப் பத்திரம். ஆக, இருந்த ஆறு மாதத்தில் வளைகுடாவை அளந்து முடித்தார். அது மடத்தனமில்லை, வேறு வழியில்லாத கணக்கு. ஆட்களுக்குத்தான் விலை அதிகம். திமோரில் உணவும் நீரும் ஏற்றிய பிறகு சீதபேதி பரவி, 1803 ஜூனில் சிட்னி வந்து சேருமுன்னும் சேர்ந்த பின்னும் பலர் மாண்டார்கள். தோட்டக்காரர் பீட்டர் குட் அவர்களில் ஒருவர்.

வேடிக்கை என்னவென்றால், உதவாது என்று ஒதுக்கிய அதே கப்பலை மேல்தளம் வெட்டிச் சிறிதாக்கி, 1805-இல் இங்கிலாந்துக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்!

கேள்வி (வாசகர், ராமநாதபுரம்): அந்தக் கரையில் கடல் அட்டை பிடிக்க வந்தவர்களைக் கண்டதாக எழுதியிருந்தீர்கள். யார் அவர்கள்?

பதில்: சுலவேசித் தீவின் மக்காசாரிலிருந்து வந்தவர்கள். 1803 பிப்ரவரியில் வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலக் கரையருகே ஆறு படகுகள் கண்ணில் பட்டன. முதலில் கடற்கொள்ளையரோ என்று பீரங்கியைத் தயார் செய்தார்கள். கப்பலின் மலாய்ச் சமையற்காரர் மொழிபெயர்க்க, படகுத் தலைவர் பொபாஸ்ஸூவிடம் பேசினார் ஃபிளிண்டர்ஸ். மொத்தம் 60 படகு, ஆயிரம் ஆள், பல குழுக்களாகப் பிரிந்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு படகும் சுமார் 25 டன், 20–25 பேர். பொபாஸ்ஸூ அதற்கு முன்பு இருபது ஆண்டுகளில் ஆறேழு முறை வந்தவர். வரைபடம் கிடையாது, கையில் டச்சுக்காரர் செய்த சின்னத் திசைகாட்டி ஒன்று மட்டும்.

அட்டையைப் பதப்படுத்தும் முறையையும் குறித்து வைத்திருக்கிறார். 3 முதல் 8 பாகம் ஆழத்தில் மூழ்கி எடுப்பது. ஒருபக்கம் கீறி, வேகவைத்து, கல் பாரம் வைத்து நீர் வடிப்பது. மூங்கில் சில்லால் விரித்து வெயிலில் காயவைத்து, பிறகு புகை காட்டுவது. ஆயிரம் அட்டை ஒரு பிக்கல், ஏறத்தாழ 125 டச்சுப் பவுண்டு. நூறு பிக்கல் ஒரு படகுச் சுமை. வாங்குவோர் சீன வணிகர்கள். கீறுவதும் வேகவைப்பதும் காயவைப்பதும் உங்கள் பக்கத்துப் பழைய முறையோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று நீங்கள்தான் எங்களுக்கு எழுத வேண்டும்.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): ‘யாரும் காணாத கரை’ என்று எழுதுவது சரியா? அங்கே மக்கள் வாழ்ந்தார்களே.

பதில்: சரியில்லைதான். காணாதது ஐரோப்பிய வரைபடம். கரைநெடுக மக்கள் வாழ்ந்தார்கள். சிட்னிப் பகுதிப் பழங்குடியைச் சேர்ந்த பங்காரி கப்பலிலேயே உடன் போனார், புதியவர்களிடம் நிராயுதமாக இறங்கிப் பேசிப் பல இடங்களில் மோதலைத் தவிர்த்தார். மொழி எல்லா இடத்திலும் ஒன்றல்ல, ஆகவே அவர் செய்தது பெரும்பாலும் நடத்தையால். எல்லா இடத்திலும் அது பலிக்கவில்லை. 1803 ஜனவரியில் புளூ மட் குடாவருகே கப்பலின் ஆள் ஒருவர் ஈட்டியால் குத்தப்பட்டார், பதிலுக்குச் சுட்டதில் பழங்குடியினர் ஒருவர் கொல்லப்பட்டார். கட்டளையை மீறிச் சுட்டது குறித்துத் தன் எரிச்சலை ஃபிளிண்டர்ஸ் எழுதியிருக்கிறார்.

கேள்வி (வாசகர், திருச்சி): பிரெஞ்சு அரசின் அனுமதிச் சீட்டு கையில் இருந்தும் மொரீஷியஸில் ஏன் பிடித்து வைத்தார்கள்?

பதில்: சீட்டு ‘இன்வெஸ்டிகேட்டர்’ பெயருக்கு. அவர் வந்தது ‘கம்பர்லாண்ட்’ என்ற 29 டன் படகில். நடுவில், ஊர் திரும்ப ஏறிய ‘போர்ப்பாய்ஸ்’ கப்பல் 1803 ஆகஸ்டில் பாரில் மோதி உடைய, திறந்த படகில் 700 மைலுக்கு மேல் சிட்னிக்குத் திரும்பிப் போய் உதவி கொண்டுவந்த கதை வேறு. கம்பர்லாண்டின் நீரிறைப்புக் குழாய்கள் பழுதாகவே டிசம்பரில் மொரீஷியஸில் ஒதுங்கினார். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர் மறுபடி மூண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு, சிட்னி ஆளுநர் லண்டனுக்கு அனுப்பிய அரசுக் கடிதங்கள் கையில் இருந்தன. மொரீஷியஸின் பிரெஞ்சு ஆளுநர் டெகான் விருந்துக்கு அழைத்தபோது இவர் முறுக்கிக்கொண்டு மறுத்ததும் உதவவில்லை. 1806-இல் பாரிஸ் விடுதலைக்கு ஒப்புதல் தந்தும், அவர் தீவை விட்டுப் போனது 1810-இல். பறித்து வைத்த பயணக் குறிப்புகளில் மூன்றாம் பதிவேட்டை டெகான் திருப்பித் தரவேயில்லை. அதனால் நூலின் அந்தப் பகுதி மற்றதைவிட மெலிந்திருக்கும்.

கேள்வி (வாசகர், கோவை): எல்லாம் சரி, அந்த வரைபடங்களை எவ்வளவு நம்பலாம்?

பதில்: 1802 ஏப்ரல் 8-இல் தென்கரையில் பிரெஞ்சுத் தளபதி போதானைச் சந்தித்தார் ஃபிளிண்டர்ஸ். ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையிலுள்ள பாஸ் நீரிணையின் ஆங்கில வரைபடம் ஒன்றில் வடகரை சரியில்லை என்று போதான் குறைப்பட்டார். எதிரில் இருப்பவர்தான் அதை வரைந்தவர் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பகுதி திறந்த படகில் போன ஜார்ஜ் பாஸ் பார்த்தது, நல்ல கருவி இல்லாமல் எடுத்தது என்று வரைபடத்திலேயே எழுதியிருக்கிறதே என்று ஃபிளிண்டர்ஸ் சுட்டிக்காட்டினார். போதான் அந்த வரியைக் கவனிக்கவில்லை.

ஆகவே நூலோடு வந்த அட்லஸைத் திறந்தால் கரைக்கோட்டுக்கு முன் குறிப்புகளைப் படியுங்கள். அவரே கோணம் எடுத்த கரையா, வேறொருவர் பார்த்ததா, கப்பல் தடம் எவ்வளவு தள்ளி ஓடியது என்பதைப் பொறுத்து நம்பிக்கை இடத்துக்கு இடம் மாறும். தடம் நெருங்கி, நங்கூரக் குறி இருக்கிற இடங்களில் கோடு உறுதியானது. தடம் விலகி, எண்கள் அருகிப்போன இடங்களில் அது தூரத்துப் பார்வை மட்டுமே.